புகைக்காதவன் நிகோடின் கம் மெல்லலாமா?

கோட்_கோவை (இழையைத் தொடங்கியவர்)

எனக்கு வயது 31. சிகரெட், பீடி, பான் எதையும் தொட்டதில்லை. டீக்கடையில் பக்கத்து ஆள் ஊதினால்கூட நகர்ந்து நிற்கும் ரகம். என் டீமில் ஒருவர், அவரும் புகைப்பவர் இல்லை, ராத்திரி சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கும் நாட்களில், சிகரெட்டை விட நினைப்பவர்கள் மெல்லும் 2 மில்லிகிராம் நிகோடின் கம் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். காபி படபடக்க வைக்கும், இது அப்படி இல்லை, மூளை தெளிவாக நிற்கும் என்பார்.

நானும் ஒரு அட்டை வாங்கினேன். முதல் நாள் விக்கல் பிடித்து, குமட்டி, முகம் வெளிறி அரைமணி நேரம் கழிவறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் பாதி கம். பரவாயில்லை. நான்காம் நாளிலிருந்து நிஜமாகவே வேலை ஓடியது. இப்போது ஒன்பது நாள் ஆகிறது. நேற்று ஞாயிற்றுக்கிழமை, வேலையே இல்லை, ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கை தானாகப் பையைத் துழாவியது. அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

என் கேள்வி நேரடியானது. புகையை விடுங்கள். நிகோடின் மட்டும் தனியாக என்றால் அது நல்லதா, கெட்டதா?

நக்கீரன்_பேரன்

தம்பி, காசு கொடுத்து விக்கல் வாங்கிய முதல் ஆள் நீங்கள்தான்.

மருந்துக்கடை_அண்ணாச்சி

இருபத்தாறு வருடமாகக் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறேன். முதலில் விக்கலுக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் அதை பபிள்கம் மாதிரி மென்றிருப்பீர்கள். நிகோடின் கம்மை அப்படி மெல்லக் கூடாது. ஏழெட்டு முறை மெதுவாக மென்றதும் மிளகு கடித்த மாதிரி ஒரு காரம் வரும். உடனே நிறுத்திவிட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் குறைந்தால் மறுபடி இரண்டு மெல்லல். இப்படி அரைமணி நேரம். வாய்த்தோல் வழியாக இறங்க வேண்டிய மருந்து இது. சவைத்து எச்சிலோடு விழுங்கினால் தொண்டையையும் வயிற்றையும் எரிக்கும், விக்கல் வரும், ரத்தத்துக்கும் சரியாகப் போய்ச் சேராது.

இன்னொன்று. கம்முக்கு முன்னால் கால்மணி நேரம் காபியோ ஜூஸோ குடிக்கக் கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் உள்ளே போகாது. புளிப்புக்கு எதிரான காரத்தன்மை (மிளகுக் காரம் இல்லை) இருந்தால்தான் போகும். அதற்காகவே கம்மில் சோடா உப்பு மாதிரி ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். புகையிலையோடு சுண்ணாம்பு தடவி வெற்றிலை போட்ட நம் பாட்டிமார்கள் செய்ததும் இதே வேலைதான். சுண்ணாம்பு பட்டால்தான் புகையிலை "ஏறும்" என்று கிழவிக்குத் தெரியும், காரணம்தான் தெரியாது.

2 மில்லிகிராம் கம்மைச் சீட்டு இல்லாமலே தரலாம், 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். முன்பெல்லாம் கம் கேட்டு வருகிறவர் சட்டையிலேயே புகை வாசனை அடிக்கும். இந்த இரண்டு மூன்று வருடமாக லேப்டாப் பையோடு உங்களை மாதிரிப் பிள்ளைகளும் வருகிறார்கள். நான் விற்கிறேன். ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை.

பழைய_புகைவண்டி

22 வருடம் ஊதினேன். விட்டு ஏழு வருடம். அதனால் நேராகச் சொல்கிறேன்.

"மூளை தெளிவாக நிற்கிறது" என்பதை நானும் இருபது வருடம் நம்பினேன். காலை எழுந்ததும் முதல் சிகரெட் பிடித்தால்தான் உலகம் நேராக நிற்கும். அது இல்லாமல் ஒரு மின்னஞ்சல்கூட எழுத முடியாது. பிறகுதான் விளங்கியது: உலகத்தைக் கோணலாக்கியதே முந்தைய நாளின் கடைசி சிகரெட். ரத்தத்தில் நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். எட்டு மணி நேரம் தூங்கி எழும்போது மூளை காலிப் பாத்திரம் மாதிரி கிடக்கும். அதில் ஒரு கரண்டி ஊற்றியதும் வரும் நிம்மதியைத்தான் நாம் "கவனக் கூர்மை" என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம். செருப்பு கடித்த கால் செருப்பைக் கழற்றியதும் சுகமாக இருக்கும், அந்த மாதிரி.

உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கை இருக்கிறதே, எனக்கும் அங்கேதான் தொடங்கியது.

சந்தேகப்பிராணி

புகைவண்டி அண்ணன் சொல்வது பாதி சரி. மீதிப் பாதியையும் சொல்லாவிட்டால் ஞாயமில்லை.

தவிப்பு நீங்குவதுதான் எல்லாம் என்றால், புகைக்காதவர்களுக்கு நிகோடின் கொடுத்தால் ஒன்றும் நடக்கக் கூடாது. ஆனால் நடக்கிறது. 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் 41 சோதனைகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லாமே புகைக்காதவர்களையோ, தவிப்பு நிலையில் இல்லாத புகைப்பவர்களையோ வைத்துச் செய்தவை. கவனம், விரல்களின் நுண்ணசைவு, குறுகிய கால நினைவு ஆகியவற்றில் சிறிதளவு முன்னேற்றம் நிஜமாகவே தெரிந்தது. அமெரிக்காவில் லேசான நினைவுக் குறைபாடு உள்ள, புகைக்காத 74 முதியவர்களுக்கு ஆறு மாதம் நடத்திய சோதனையின் முடிவு 2012இல் வந்தது. ஒரு சாராருக்குத் தோலில் ஒட்டும் 15 மில்லிகிராம் நிகோடின் பேட்ச், இன்னொரு சாராருக்கு மருந்தில்லாத வெறும் பட்டை. நிகோடின் பக்கம் கவனச் சோதனைகளில் மேம்பட்டது, நிறுத்தியபோது தவிப்பும் வரவில்லை.

காரணமும் மர்மமில்லை. நம் நரம்புகள் பேசிக்கொள்ளும் அசிட்டைல்கோலின் என்ற பொருளுக்கு மூளையில் ஏற்பிகள் உண்டு. நிகோடின் அந்தப் பூட்டுகளில் சிலவற்றுக்குக் கள்ளச்சாவி. அந்த ஏற்பிகளுக்கே நிகோடினின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

"சிறிதளவு" என்ற சொல்லை மட்டும் மறந்துவிடாதீர்கள். சோதனைக்கூடத்தில் பொத்தானைச் சில மில்லிசெகண்டு வேகமாக அழுத்துவதும் நல்ல நிரல் எழுதுவதும் ஒன்றில்லை.

நக்கீரன்_பேரன்

கத்தரிக்காயில் நிகோடின் இருக்கிறதாமே. இனி எண்ணெய்க் கத்தரிக்காய் சாப்பிட்டுவிட்டு ரிலீஸ் பண்ணலாம்.

சந்தேகப்பிராணி

இருக்கிறது. கத்தரி, தக்காளி, உருளை எல்லாம் புகையிலையின் பங்காளிகள். 1993இல் அளந்து பார்த்தார்கள், கிராமுக்கு 100 நானோகிராம் அளவு. ஒரு சிகரெட்டில் உடம்புக்குள் போகும் ஒரு மில்லிகிராம் வேண்டுமென்றால் பத்துக் கிலோ கத்தரிக்காய் சாப்பிட வேண்டும். எண்ணெய்ச் செலவு உங்களுடையது.

இரவுப்பணி

மனநலப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். நிகோடின் வேறு, புகை வேறு என்பதை வார்டில் தினமும் கண்ணால் பார்ப்பவள் நான்.

க்ளோசபின் என்று ஒரு மருந்து, மனச்சிதைவுக்குக் கொடுப்பது. புகைப்பவர்களுக்குக் கூடுதல் அளவு தேவைப்படும். புகையில் உள்ள தார் வகைப் பொருட்கள் ஈரலைத் தூண்டிவிட்டு அந்த மருந்தைச் சீக்கிரம் கரைக்க வைக்கும். அந்த நோயாளி வார்டில் சேர்ந்து, சிகரெட் கிடைக்காமல் போனால், ஒரு வாரத்தில் அதே அளவு மருந்து ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். எச்சில் வடியும், எழுப்ப முடியாத தூக்கம், சிலருக்கு வலிப்புகூட வரும். "பேட்ச் ஒட்டியிருக்கிறோமே, பிறகு ஏன்" என்று புதிதாக வரும் பயிற்சி டாக்டர்கள் கேட்பார்கள். நிகோடின் அந்த வேலையைச் செய்வதில்லை, புகைதான் செய்கிறது.

காபிக்கும் இதே கதை. சிகரெட்டை விட்டவர்கள் "கை நடுங்குது, தூக்கம் வரல, நிகோடின் இல்லாததால்தான்" என்று நினைப்பார்கள். பல சமயம் அது காபி. அதே நான்கு காபி இப்போது உடம்பில் இரண்டு மடங்கு நேரம் தங்குகிறது. விடுகிற வாரத்தில் காபியைப் பாதியாக்குங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன்.

அப்புறம் பார்கின்சன், அதாவது நடுக்குவாத நோய். புகைப்பவர்களுக்கு அது குறைவாக வருகிறது என்பது பல காலமாகத் தெரிந்த கணக்கு. அதனால் நிகோடின் நரம்பைக் காக்குமோ என்று நம்பி, ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஆரம்ப நிலை நோயாளிகளுக்கு ஒரு வருடம் பேட்ச் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் முடிவு வந்தது: நோய் மெதுவாகவில்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவுக்கு நிகோடின் காப்பு என்று ஒரு கருதுகோள் பாரிஸில் கிளம்பி, ஜனங்கள் பேட்ச் வாங்க ஓடாமலிருக்க பிரான்ஸ் அரசு விற்பனைக்கே வரம்பு வைத்தது. பிறகு தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தபோது அதுவும் பயன் தரவில்லை. வாட்ஸாப்பில் முதல் செய்தி மட்டும்தான் வந்தது, இரண்டாவது வரவில்லை.

குடல்_கதை

நான் பொதுவாக எழுதுவதில்லை. ஆனால் இந்தத் தலைப்பு என் வயிற்றோடு சம்பந்தப்பட்டது.

2016இல் சிகரெட்டை விட்டேன். எட்டு மாதத்தில் மலத்தில் ரத்தம். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உள்தோலில் புண். டாக்டர் முதல் கேள்வியே "சமீபத்தில் சிகரெட்டை விட்டீர்களா?" என்றுதான் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த நோய் புகைக்காதவர்களுக்கும், விட்டவர்களுக்கும்தான் அதிகம் வருமாம்.

கார்டிஃபில் 1994இல் ஒரு சோதனை. 72 நோயாளிகள், வழக்கமான மருந்தோடு ஒரு சாராருக்கு நிகோடின் பேட்ச். அதை ஒட்டிய 35 பேரில் 17 பேருக்கு அறிகுறிகள் முழுக்க அடங்கின. வெறும் பட்டை ஒட்டிய 37 பேரில் 9 பேருக்கு. நிஜமான பலன். ஆனால் அடங்கிய நோய் திரும்பாமலிருக்கக் கொடுத்துப் பார்த்த அடுத்த சோதனையில் பலனில்லை. குமட்டல், தலைசுற்றல், தூக்கக் கேடு வேறு. வழக்கமான மாத்திரைகள் இருக்கும்போது இதைத் தேட வேண்டியதில்லை என்றார் டாக்டர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், க்ரோன்ஸ் என்று இதன் தம்பி நோய் ஒன்று உண்டு. புகை அதை இன்னும் மோசமாக்கும். ஒரே குடல், ஒரே புகை, அண்ணனுக்கு ஒரு நியாயம் தம்பிக்கு ஒரு நியாயம்.

மோசமான ராத்திரிகளில் "ஒரே ஒரு சிகரெட் பிடித்தால் அடங்கிவிடுமே" என்று தோன்றும். இரண்டு முறை கடை வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

பழைய_புகைவண்டி

இரண்டு முறையும் திரும்பியிருக்கிறீர்களே, அதுபோதும் சார்.

வயலோரம்

பூச்சிக்காரன் பக்கமிருந்து ஒரு வார்த்தை. செடி நிகோடினை நமக்காகவா செய்கிறது? வேரில் செய்து இலைக்கு அனுப்புகிறது, புழு தின்றால் சாக வேண்டும் என்று. எங்கள் அப்பா காலத்தில் கழிவுப் புகையிலையை ஊறப்போட்டு, சோப்புக் கரைசல் கலந்து அசுவினிக்கு அடிப்பார்கள். "இயற்கை மருந்து" என்று நானும் இரண்டு போகம் அடித்தேன். கையுறை போடாமல் வடிகட்டிய அன்று மத்தியானம் வரப்பிலேயே வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டேன். வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை, தோல் வழியாகவே ஏறியிருக்கிறது. மழையில் நனைந்த புகையிலை இலையைப் பறிக்கும் கூலிக்காரர்களுக்கு உலகம் முழுக்க இந்தக் கஷ்டம் உண்டு. பச்சைப் புகையிலை நோய் என்றே அதற்குப் பெயர்.

நிகோடின் சல்பேட்டை நம் நாட்டில் பூச்சிமருந்தாகப் பயன்படுத்தவே தடை. பூச்சியின் நரம்பில் அதே பூட்டைத் திறக்கும் தம்பிமார்கள்தான் இமிடாகுளோபிரிட் போன்ற நியோநிகோடினாய்டு பூச்சிமருந்துகள். தேனீக்களுக்கு ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அவற்றில் மூன்றைத் திறந்தவெளியில் தடை செய்தது. அசுவினியின் நரம்பில் என்ன நடக்கிறதோ அதன் மிகச் சின்ன வடிவம்தான் உங்கள் ராத்திரி ரிலீஸில் நடக்கிறது.

சந்தேகப்பிராணி

விஷம் என்ற பேச்சு வந்ததால் ஒரு கிளைக்கதை. 1850இல் பெல்ஜியத்தில் போகார்மே என்ற பிரபு, சொத்துக்காக மைத்துனனைத் தன் மாளிகையிலேயே நிகோடின் புகட்டிக் கொன்றார். செடி விஷத்தைப் பிணத்தில் கண்டுபிடிக்கவே முடியாது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. ஸ்டாஸ் என்ற வேதியியலாளர் மாதக்கணக்கில் உட்கார்ந்து, உடல் உறுப்புகளிலிருந்து நிகோடினைப் பிரித்தெடுக்கும் முறையையே உருவாக்கினார். பிரபுவின் தலை 1851இல் கில்லட்டினில் போனது. தடயவியல் நச்சியலில் அந்த முறையின் வழிவந்தவை பிறகும் பல காலம் புழங்கின.

"60 மில்லிகிராம் போதும், ஆள் காலி" என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டே வந்ததும் ஒரு கதை. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஆஸ்திரியாவில் ஒரு மருந்தியலாளர் தோண்டிப்போய், 19ஆம் நூற்றாண்டில் சிலர் தங்கள் மேலேயே செய்துகொண்ட சந்தேகமான சோதனைகளில்தான் அதன் வேர் இருக்கிறது என்று 2014இல் எழுதினார். பெரியவர்களுக்கு அரைக் கிராமுக்கு மேல் தேவைப்படலாம் என்பது அவர் கணக்கு. குழந்தைகள் விஷயம் வேறு. அட்டையைக் குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

ஸ்டாக்ஹோம்_தமிழச்சி

நீங்கள் மெல்லும் கம் பிறந்ததே நான் இருக்கும் ஸ்வீடனில்தான் தெரியுமா? நீர்மூழ்கிக் கப்பலில் சிகரெட் பிடிக்க முடியாது. அதனால் மாலுமிகள் வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறியதை லுண்ட் நகரத்து ஆய்வாளர் ஒருவர் கவனித்து, 1967இல் ஹெல்சிங்போரியில் ஒரு மருந்து நிறுவனத்தில் இருந்த தன் நண்பர் ஊவே ஃபெர்னோவுக்கு எழுதினார். ஃபெர்னோவும் சிகரெட் பிடிப்பவர். பத்து வருடத்துக்கு மேல் போராடி, 1978இல் முதலில் ஸ்விட்சர்லாந்தில்தான் அனுமதி கிடைத்தது.

இங்கே ஸ்னுஸ் என்று ஒன்று உண்டு, மேலுதட்டுக்கு அடியில் அடக்கும் ஈரப் புகையிலை. ஐரோப்பிய ஒன்றியம் 1992இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. ஸ்வீடன் 1995இல் சேர்ந்தபோது விலக்கு வாங்கிக்கொண்டது. தினமும் சிகரெட் பிடிப்பவர்கள் இங்கே நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான். ஆண்களுக்கு நுரையீரல் புற்று ஐரோப்பாவிலேயே குறைவான நாடுகளில் ஒன்று. இதை வைத்து நிகோடின் சாது என்று சொல்ல ஒரு கூட்டமே இங்கு உண்டு.

என் வீட்டுக்காரர் ஸ்னுஸ் ஆள். சிகரெட்டிலிருந்து அதற்கு மாறினார், இருமல் போனது, நான் சந்தோஷப்பட்டேன். இப்போது அந்த இடத்தில் ஈறு இறங்கிப் பல்லின் வேர் தெரிகிறது. தூங்கும்போது தவிர வாயில் ஒரு பொட்டலம் இல்லாத நேரம் கிடையாது. குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் டப்பாவைக் காணோம் என்று மனிதர் என்னைவிட அதிகமாகத் தவித்தார். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம், ஆனால் அது சிரிப்பில்லை.

மாரடைப்பு வந்து பிழைத்த ஸ்னுஸ்காரர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. ஸ்னுஸை விட்டவர்களின் இறப்பு, விடாதவர்களைவிடப் பாதிதான் இருந்தது. ஸ்னுஸ் போட்ட கர்ப்பிணிகளிடம் குறைப்பிரசவம் கூடுதலாக இருந்ததையும் இங்கத்திய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. இப்போது புகையிலையே இல்லாத வெள்ளைப் பொட்டலங்கள், புதினா, பெர்ரி வாசனையில். என் மகள் வகுப்புப் பிள்ளைகளின் ஜீன்ஸ் பையில் வட்ட டப்பா அச்சுத் தெரிகிறது. சிகரெட்டை ஒருநாளும் தொட்டிருக்காத பிள்ளைகள் அவர்கள்.

லிபர்ட்டி_லிங்கம்

சரி, ஸ்வீடனில் சிகரெட் ஒழிந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். இங்கே 2019 செப்டம்பரில் ஒரே அவசரச் சட்டத்தில் மின்சிகரெட்டை மொத்தமாகத் தடை செய்தார்கள். விற்றால் முதல் முறை ஒரு வருடம் சிறை அல்லது ஒரு லட்சம் அபராதம், இரண்டுமேகூட. பீடியும் சிகரெட்டும் மூலைக்கு மூலை கிடைக்கின்றன. கொல்வதை விற்கலாம், குறைவாகக் கெடுப்பதை விற்கக் கூடாதா? இங்கிலாந்தில் அதே 2019இல் வந்த சோதனையில் மின்சிகரெட் எடுத்தவர்களில் 18 சதவீதம் பேர் ஒரு வருடம் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். கம், பேட்ச் எடுத்தவர்களில் 9.9 சதவீதம்தான்.

மருந்துக்கடை_அண்ணாச்சி

லிங்கம் தம்பி, அதே சோதனையின் அடுத்த வரியையும் படியுங்கள். மின்சிகரெட்டால் விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் மின்சிகரெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கம், பேட்சால் விட்டவர்களில் 9 சதவீதம் பேர்தான் அதைத் தொடர்ந்தார்கள். விட்டது உண்மை, விடுபட்டார்களா என்பது வேறு கேள்வி.

நம் ஊர்க் கணக்கும் வேறு. 2016–17 தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 10.7 சதவீதம் பேர் புகைத்தார்கள், 21.4 சதவீதம் பேர் புகையிலையை வாயில் போட்டார்கள். ஸ்வீடன்காரன் ஸ்னுஸும் நம்மாள் கைனியும் ஒன்று என்று யாரும் நினைக்க வேண்டாம். ஸ்னுஸைச் சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள், அதனால் நைட்ரோசமின் என்ற புற்றுப் பொருள் குறைவு. நம் புகையிலை புளித்து, காய்ந்து, பாக்கோடு சேர்ந்து வருகிறது. பாக்கே தனியாகப் புற்று உண்டாக்கும் பொருள். வாய் திறக்க முடியாமல் ஸ்ட்ரா வைத்து ஜூஸ் குடிக்கும் முப்பது வயதுப் பையன்கள் என் கடைக்கு வருகிறார்கள்.

லிபர்ட்டி_லிங்கம்

நைட்ரோசமின் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் சுத்தமான பொட்டலத்தைக் கடையில் வையுங்கள், கைனிக்காரன் மாறட்டும் என்றுதான் கேட்கிறேன். தடை போட்டதும் எல்லோரும் திருந்திவிட்டார்களா? பெட்டிக்கடையில் கேட்கத் தெரிந்தவனுக்கு எல்லாம் கிடைக்கிறது.

நெறியாளர்

எங்கே கிடைக்கிறது என்ற விவரம் வேண்டாம். ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன்.

முக்கூடல்_பொண்ணு

எல்லோரும் நிகோடினைப் படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அது வாசனை. அம்மா முப்பத்தைந்து வருடம் பீடி சுற்றினாள். திண்ணையில் முறத்தை மடியில் வைத்து, இலையை நறுக்கி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டி, கணக்குக்கு ஆயிரம். ஒரு பீடிகூட ஊதாதவள். புதிதாகச் சுற்ற வரும் பெண்கள் முதல் வாரம் தலைசுற்றி உட்காருவார்கள், "தூள் ஏறிருச்சு" என்பார்கள். பிறகு பழகிவிடும். லீவு நாளில் அம்மாவுக்குத் தலைவலி வரும். அது ஓய்வு ஒத்துக்கொள்ளாத தலைவலி என்று நாங்கள் கேலி செய்வோம். இந்த இழையைப் படித்த பிறகுதான் அது வேறு ஏதாவதாக இருந்திருக்குமோ என்று யோசிக்கிறேன். கேட்க அம்மா இல்லை.

பீடி சின்னது, சிகரெட்டைவிடச் சாது என்று இன்றும் ஆட்கள் சொல்கிறார்கள். இலை எளிதில் எரியாது. அணையாமலிருக்க இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் நிகோடினும் தாரும் உள்ளே கூடுதலாகவே போகின்றன.

இரவுப்பணி

அக்கா, பீடித் தூளில் வேலை செய்பவர்களின் சிறுநீரில் கோட்டினின், அதாவது நிகோடின் உடைந்து வரும் பொருள், கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் சந்தேகம் வீணானதில்லை.

சந்தேகப்பிராணி

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஒதுங்குகிறேன். மைக்கேல் ரசல் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1976இலேயே எழுதினார்: ஜனங்கள் புகைப்பது நிகோடினுக்காக, சாவது தாரினால். அதைப் பிடித்துக்கொண்டுதான் கம்மும் பேட்சும் வந்தன. புற்றை உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் நிகோடின் இல்லை. ஆனால் இதயத்தை வேகமாக அடிக்க வைக்கிறது, ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் வளரும் மூளைக்கும் ஆகாது.

எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பது அளவைவிட வேகத்தைப் பொறுத்தது. சிகரெட்டை இழுத்தால் பத்து, இருபது விநாடியில் மூளை. பேட்சில் மணிக்கணக்கு. அதனால்தான் பேட்சுக்கு அடிமையானவரைக் காண்பது அரிது. கம் நடுவில் நிற்கிறது. கோட்_கோவை எடுப்பது பேட்ச் இல்லை, கம். அதுவும் தேவைப்படும்போது, வேலை நெருக்கடியோடு சேர்த்து. மூளை அந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் கம்மை விட முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னாள் புகைப்பவர்கள், அவர்களுக்கு அது லாபக் கணக்கு. உங்களுக்கு எதிலிருந்து லாபம்?

கோட்_கோவை

எல்லோருக்கும் நன்றி. ஐந்து நாள் எழுதவில்லை. காரணம் இருக்கிறது.

நிறுத்திவிட்டேன். இரண்டாம் நாள் எரிச்சல், சின்னத் தலைவலி, அவ்வளவுதான். புதன்கிழமை ரிலீஸை வெறும் டீயில் முடித்தேன். உண்மையைச் சொன்னால், வேலை வித்தியாசம் தெரியவில்லை. கம் போட்ட வாரத்தில் வேலை ஓடியதற்கு, அந்த வாரம் மீட்டிங் குறைவு என்பதும் காரணமாக இருக்கலாம்.

ஆனால் எழுத வந்தது வேறு விஷயம். மீதி அட்டை பையில் இருந்தது. ஊருக்குப் போனபோது அப்பா கண்ணில் பட்டுவிட்டது. அவருக்கு 61. நாற்பது வருடமாகப் பீடி, ஒரு நாளைக்குப் பதினெட்டு. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ எப்படா பீடி பிடிச்ச?" என்றார். பிடிக்கவில்லை என்றேன். "பின்ன எதுக்குடா பீடியை விடுற மிட்டாய்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இது எனக்குக் கேக்குமா?" என்றார். அவர் இப்படிக் கேட்பது என் வாழ்நாளில் முதல் முறை.

பல்செட் போட்டிருக்கிறார். எழுந்ததும் ஐந்து நிமிடத்தில் முதல் பீடி. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். அண்ணாச்சி, என்ன செய்யலாம்?

மருந்துக்கடை_அண்ணாச்சி

இந்தக் கேள்விக்குத்தான் அந்தக் கம்மையே கண்டுபிடித்தார்கள் தம்பி.

பல்செட் என்றால் கம் வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். சப்பும் மாத்திரை இருக்கிறது, லாசெஞ்ச் என்று கேளுங்கள். கடிக்காமல், விழுங்காமல், வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி வைத்துக் கரையவிட வேண்டும். எழுந்த அரைமணிக்குள் முதல் பீடி என்றால் பழக்கம் வலுவானது, பெரும்பாலும் 4 மில்லிகிராமில் தொடங்குவார்கள். அதற்குச் சீட்டு வேண்டும், பி.பி.யும் இருக்கிறது, எப்படியும் டாக்டரைப் பாருங்கள். பேட்ச் ஒன்றை ஒட்டிக்கொண்டு, தவிப்பு வரும்போது மட்டும் மாத்திரை என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் தனியாகக் கொடுப்பதைவிடப் பலன் கூடுதல். சுமார் பன்னிரண்டு வாரம், போகப்போகக் குறைக்க வேண்டும்.

பேட்ச் ஒட்டியபடி ஒரு பீடி பிடித்தால் மாரடைப்பு வரும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். 1990களின் தொடக்கத்தில் கிளம்பிய பயம் அது, பின்னர் நடந்த ஆய்வுகளில் நிற்கவில்லை. சறுக்கினால் பேட்சைப் பிய்த்து எறியாமல் தொடரச் சொல்லுங்கள். 1800-11-2356 அரசின் இலவச உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

61இல் விட்டு என்ன ஆகப்போகிறது என்று அவர் கேட்டால், இங்கிலாந்தில் டாக்டர்களையே ஐம்பது வருடம் தொடர்ந்து பார்த்து 2004இல் எழுதியதைச் சொல்லுங்கள். அறுபதில் விட்டவர்களுக்கும் சுமார் மூன்று வருட ஆயுள் கூடியிருந்தது. அது சிகரெட் கணக்குதான். ஆனாலும் சொல்லுங்கள்.

இரவுப்பணி

காபியைப் பாதியாக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

கோட்_கோவை

மூன்று வாரத் தகவல். பதினெட்டு பீடி நான்காகியிருக்கிறது. காலை முதல் பீடி இன்னும் போகவில்லை, அது கடைசியில்தான் போகும் என்றார் டாக்டர். மாத்திரை "சுக்கு மிட்டாய் மாதிரி எரியுது" என்று திட்டிக்கொண்டே சப்புகிறார். காபியைக் குறைத்ததற்குத்தான் அம்மாவோடு பெரிய சண்டை. சட்டைப்பையில் பீடிக்கட்டு இல்லை, தீப்பெட்டி மட்டும் இருக்கிறது. கேட்டால், விளக்கேற்ற என்கிறார்.

நக்கீரன்_பேரன்

இருக்கட்டும் தம்பி, ஏற்றட்டும்.